வீடியோ கேமுக்குள் ஒதுங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, படிப்பு, கடன், தனிமை, வீட்டுச் சண்டை என்று ஏதோ ஒன்றிலிருந்து சற்று நேரம் விலகி இருப்பதற்காக வீடியோ கேமை நாடுகிறவர்கள் ஏராளம். அவர்களும், அவர்களைப் பார்த்துக் கவலைப்படும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்ல. சிறு வயதிலிருந்து விளையாடுகிறவன். இந்தப் பழக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஆர்வத்தோடு படித்து வருகிறவன்.

நிஜ வாழ்க்கையை மறப்பதற்காக விளையாடுவது தவறா?

தவறில்லை. களைத்துப்போன மனம் ஒதுங்க இடம் தேடும். அது பலவீனமும் அல்ல, புதிய வழக்கமும் அல்ல. லிடியா என்ற பழைய நாட்டில் பெரும் பஞ்சம் வந்தபோது நடந்ததாக ஒரு கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். ஒரு நாள் முழுவதும் பசி தெரியாமல் இருக்க விளையாடுவார்களாம், மறுநாள் விளையாட்டை நிறுத்திவிட்டு உண்பார்களாம். இப்படியே 18 ஆண்டுகள் ஓட்டினார்கள். அப்போதும் பஞ்சம் தீரவில்லை. கடைசியில் அரசன் மக்களை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட, ஒரு பாதியினர் கப்பலேறி வேறு நிலம் தேடிப் போனார்கள்.

நடந்ததோ நடக்கவில்லையோ, இந்தக் கதையை நான் மிகவும் மதிக்கிறேன். விளையாட்டு அந்த மக்களைத் தாக்குப்பிடிக்க வைத்தது. ஆனால் கப்பல் கட்டும் வேலையை விளையாட்டு செய்துகொடுக்கவில்லை.

நாவல் படித்தால் நல்ல பழக்கம் என்கிறார்கள், கேம் ஆடினால் தப்பித்து ஓடுவது என்கிறார்கள். இது நியாயமா?

நியாயமில்லை. இரண்டும் வேறோர் உலகத்துக்குள் போவதுதான். ஆனால் இரண்டு வேறுபாடுகளை ஒப்புக்கொள்ள வேண்டும். படிக்கும்போது கண் வரிகளின் மேல் ஓடினாலும் மனம் பழைய கவலைக்கே திரும்பிவிடக் கூடும். கேமில் கை, கண், கவனம் மூன்றும் வேலை செய்தாக வேண்டும் என்பதால் கவலை உள்ளே நுழைய இடம் குறைவு. துன்பத்தில் இருப்பவருக்கு இது பெரிய உதவி. இரண்டாவது, நாவலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. இன்றைய ஆன்லைன் கேம்கள் பலவற்றுக்கு முடிவே இல்லை. எழுந்து போவதற்கான தருணத்தை ஆடுகிறவர்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கேமுக்கு மட்டும் ஏன் இத்தனை ஈர்ப்பு?

ரிச்சர்ட் ரயான், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற மூன்று உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. தன் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டும், எதிலாவது கைதேர்ந்தவராக வேண்டும், நாலு பேரோடு ஒட்டி இருக்க வேண்டும் என்ற மூன்று தேவைகள் மனித மனத்துக்கு உண்டு. இவற்றை ஒரு கேம் எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறதோ அந்த அளவுக்கு அது பிடித்துப்போகிறது என்பது அவர்கள் கண்டது.

2016இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டைப் பாருங்கள். எரிக் பரோன் என்ற தனி மனிதர் பல ஆண்டுகள் உட்கார்ந்து உருவாக்கியது. கதை தொடங்கும்போது நம் பாத்திரம் ஒரு பெரிய நிறுவனத்தில், வரிசையாகப் போட்ட மேசைகளில் ஒன்றின் முன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது. தாத்தா எப்போதோ கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை எடுத்துப் பிரிக்கிறது. ‘வாழ்க்கை தாங்க முடியாமல் போகும் நாளில் திற’ என்பதுபோல அவர் சொல்லியிருந்தார். உள்ளே ஒரு பண்ணை காத்திருக்கிறது. அடுத்த காட்சியில் பஸ்ஸில் பயணம். தப்பிக்க வந்தவருக்கு இந்த கேம் முதலில் காட்டுவதே ஒருவர் தப்பித்த கதைதான்.

பிறகு கையில் 15 விதைகள் வந்து சேர்கின்றன. குழி தோண்டி, விதைத்து, நீர் ஊற்றினால் நான்கு நாள் கழித்துக் கிழங்கு எடுக்கலாம். கேமின் ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம். நீர் பட்ட மண் மட்டும் நிறம் மாறிக் கருத்துவிடும். எதற்கு ஊற்றினோம், எதை விட்டுவிட்டோம் என்பது ஒரே பார்வையில் தெரியும். செய்த வேலை கண்ணெதிரே நிற்கிறது. ஆறு மாதம் உழைத்த அறிக்கையை மேலதிகாரி திறந்துகூடப் பார்க்காத நாளில் ஒருவர் வீடு திரும்பி இந்த மண்ணில் நீர் ஊற்றுகிறார் என்றால், அதில் புரியாதது எதுவும் இல்லை.

இதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு: ஒருவர் எந்த கேமுக்குள் ஒதுங்குகிறார் என்று பார்த்தால், அவருக்கு வெளியே எது கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எதுவும் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தவிப்பவர் பண்ணையும் நகரமும் கட்டுகிறார். யாரும் மதிக்காத இடத்தில் இருப்பவர் தரவரிசையில் ஏறப் பாடுபடுகிறார். பேச ஆளில்லாதவர் குழுவாக ஆடும் கேமைத் தேடிப் போகிறார். எல்லோருக்கும் இது அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனாலும் திட்டுவதற்கு வாய் திறக்கும் முன் இதைக் கவனிப்பது நல்லது.

அரை மணி நேரம் என்று உட்கார்ந்தால் நள்ளிரவு ஆகிவிடுகிறது. ஏன்?

இரண்டு காரணங்கள். ஒன்று மனம் சார்ந்தது. சவால் நம் திறமைக்குச் சற்றே மேலே இருந்து, செய்த ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் கிடைத்தால், மனம் அதில் முழுமையாகக் கரைந்து நேரம் போவதே தெரியாது. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் ஓவியர்கள், மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள் போன்றோரை ஆராய்ந்து இந்த நிலைக்கு ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தார். அது நல்ல நிலைதான்.

மற்றது வடிவமைப்பு சார்ந்தது. ஸ்டார்டியூ வேலியில் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் அன்றைய ஆட்டம் பதிவாகும். பதிவான கையோடு மறுநாள் விடிந்துவிடும். நேற்று நட்டது முளைத்திருக்கும்போது எழுந்து போக யாருக்கு மனம் வரும்? 1991இல் தொடங்கிய, ஒரு நாகரிகத்தை வளர்த்தெடுக்கும் ‘சிவிலைசேஷன்’ கேம் தொடரின் பிற்காலப் பதிப்புகளில் ஆட்டத்தை வென்று முடித்த பிறகும் ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று ஒரு பொத்தான் வரும். தினமும் வந்து தலையைக் காட்டினால் பரிசு, ஒரு நாள் தவறினால் வரிசை அறுந்துபோகும் என்ற ஏற்பாடுகள் இன்னும் மோசம். நேரம் மறந்து போவதற்கு உங்கள் மன உறுதி மட்டுமே காரணம் என்று நினைத்துக் குமைய வேண்டாம்.

என்னுடையது ஆரோக்கியமான ஒதுங்கலா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நார்வே உளவியலாளர் ஃப்ரூடே ஸ்டென்செங்கும் அவருடைய குழுவினரும் 2012இல் ஒரு நல்ல பிரிவினையை முன்வைத்தார்கள். சிலர் ஏதோ ஒன்றைப் பெறுவதற்காகத் தம்மை மறக்கிறார்கள்: புதிய அனுபவம், புதிய திறமை, மகிழ்ச்சி. சிலர் தம்மைப் பற்றிய நினைப்பையே அமுக்கி வைப்பதற்காக மறக்கிறார்கள்: அவமானம், பயம், குற்ற உணர்வு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதே நாற்காலி, அதே கேம், அதே நேரம். முதல் வகை மனநலத்தோடு சேர்ந்தே காணப்படுகிறது. இரண்டாம் வகை மனச்சோர்வோடும், கட்டுப்பாடு குறைவதோடும் சேர்ந்து வருகிறது.

அணைத்த பிறகு வரும் முதல் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள் என்பது என் யோசனை. எழுந்து முகம் கழுவி, தள்ளிப்போட்ட வேலையைப் பார்க்கக் கொஞ்சமாவது தெம்பு வந்திருக்கிறதா? ஆட்டத்தில் நடந்த எதையாவது யாரிடமாவது சொல்லத் தோன்றுகிறதா? அப்படியானால் அது ஓய்வு. அணைத்ததும் நெஞ்சு கனத்து, உடனே மறுபடி போடத் தோன்றினால், ஜெயித்தபோதுகூட மகிழ்ச்சி வரவில்லை என்றால், ஆடுவது பிடித்ததால் அல்ல, நிறுத்தப் பயந்து ஆடுகிறீர்கள். அப்போது கேமைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அந்தப் பயம் எதைப் பற்றியது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயன் தரும்.

தாங்க முடியாத வலியிலும் துக்கத்திலும் இருப்பவருக்கு கேம் உண்மையிலேயே உதவுமா?

உதவும், இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் இருவரும் தீக்காயம் பட்டவர்களுக்காக ‘ஸ்னோவேர்ல்டு’ என்ற மெய்நிகர் விளையாட்டை உருவாக்கினார்கள். காயத்துக்குக் கட்டு மாற்றும் கொடுமையான நேரத்தில் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பனிமனிதர்கள் மேலும் பென்குவின்கள் மேலும் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். அந்தக் கவனம் வேறெங்கோ போய்விடுகிறது.

அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய, மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேமை வைத்தும் ஆய்வுகள் நடந்தன. எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009இல், கோரக் காட்சிகளைப் பார்த்தவர்கள் சற்று நேரம் கழித்து டெட்ரிஸ் ஆடினால், அடுத்த வாரத்தில் அந்தக் காட்சிகள் தாமாகவே மனத்தில் வந்து மோதுவது குறைகிறது என்று காட்டினார்கள். 2017இல் சாலை விபத்தில் சிக்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடமும் இதே பலன் தெரிந்தது. மனக்காட்சிகளைக் கையாளும் மூளையின் நினைவாற்றலுக்கு எல்லை உண்டு. கட்டங்களைத் திருப்பி அடுக்கும் வேலை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

எனக்கும் இது பட்டுத் தெரிந்த விஷயம். என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஒலியை அணைத்துவிட்டு, போனில் கட்டங்களை அடுக்கிக்கொண்டிருப்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் விரல் நின்றுவிடும். செவிலியர் வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டதும் மீண்டும் அடுக்கத் தொடங்குவேன். அடுத்த கட்டம் விழுவதற்குள் அதற்கு இடம் பார்த்தாக வேண்டும் என்பதால் ‘என்ன ஆகுமோ’ என்ற நினைப்பு சில நொடிகளாவது விலகி நின்றது. அந்தச் சில நொடிகளுக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடலாம்?

எல்லோருக்கும் பொருந்தும் எண் கிடையாது. 2022இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஏழு கேம்களை ஆடும் ஏறத்தாழ 39,000 பேரை ஆறு வாரம் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். எத்தனை நேரம் ஆடுகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கவில்லை; நிறுவனங்களிடமிருந்து உண்மையான ஆட்ட நேரப் பதிவுகளை வாங்கினார்கள். ஆடிய நேரத்துக்கும் மனநலத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு தெரியவில்லை. ‘விரும்பி ஆடுகிறேன்’ என்பவருக்கும் ‘ஆடியே தீர வேண்டும் போலிருக்கிறது’ என்பவருக்கும் இடையில்தான் வேறுபாடு இருந்தது.

எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. தூக்கம், சாப்பாடு, குளியல், உடல் அசைவு, வேலை, நேரில் பேசும் மனிதர்கள் ஆகியவற்றில் எதை எடுத்து கேமுக்குக் கொடுக்கிறீர்கள் என்று கணக்குப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டால் மற்றவை தாமாகவே சரியும். மணிக் கணக்கு பார்க்கத்தான் வேண்டும் என்றால், தூங்கிய மணிகளை எண்ணுங்கள்.

இதை நோய் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டதா?

கேம் ஆடுவதை அல்ல. ‘கேமிங் கோளாறு’ என்ற நிலையை, 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலின் 11ஆம் திருத்தத்தில் சேர்த்திருக்கிறது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய்விடுவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாகிவிடுவது, கெடுதல் வருவது தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இவற்றால் குடும்பமோ படிப்போ வேலையோ கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் 2013இல் ஒன்பது அறிகுறிகளைப் பட்டியலிட்டு, இது மேலும் ஆராயப்பட வேண்டிய நிலை என்று வைத்தது. துயரத்திலிருந்து தப்பிக்க ஆடுவது அந்த ஒன்பதில் ஒன்று. ஐந்து இருந்தால்தான் கோளாறு என்று கருதலாம். ஆகவே கவலையை மறக்க ஆடுகிறேன் என்பதை வைத்து மட்டும் யாரையும் நோயாளி என்று சொல்ல முடியாது.

கேமால் மனச்சோர்வு வருகிறதா, மனச்சோர்வால் கேமுக்குப் போகிறார்களா?

இரண்டும் நடக்கிறது, ஒன்றை ஒன்று வளர்க்கவும் செய்கிறது. ஆனால் முதலில் மனச்சோர்வைத்தான் சந்தேகியுங்கள். கேமை மட்டும் பிடுங்கிவிட்டு, அடியில் இருப்பதைக் கவனிக்காமல் விடுவது ஆபத்து.

ஆன்லைனில் சேர்ந்து ஆடுகிறவர்கள் உண்மையான நண்பர்களா?

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீனுக்குத் தசைகள் சிறுகச் சிறுக வலுவிழக்கும் டியூஷென் நோய் இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடி ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடினார். மகன் தனிமையிலேயே வாழ்ந்துவிட்டான் என்று பெற்றோர் வருந்திக்கொண்டிருந்தார்கள். 2014இல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பூவில் பெற்றோர் மரணச் செய்தியைப் பதிந்ததும், பல நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. தங்கள் துயரங்களை மாட்ஸ் எப்படிக் காதுகொடுத்துக் கேட்டார், எப்படி ஆறுதல் சொன்னார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் இறுதிச் சடங்குக்கே வந்தார்கள்.

பெற்றோருக்கு அதுவரை தெரியாமல் போனதற்குக் காரணம் அன்புக் குறைவு அல்ல. திரைக்குள் ஒரு சமூகம் இருக்கக் கூடும் என்று யாருக்குமே தோன்றவில்லை. உங்கள் வீட்டில் ஆடுகிறவரிடம் ‘யாரோடு ஆடுகிறாய்?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதே சமயம், முகம் தெரியாதவர்களில் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பணம், படம், முகவரி கேட்கிறவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

மகன் கதவைச் சாத்திக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறான். இணைப்பைத் துண்டித்துவிடலாமா?

வேண்டாம், அம்மா. முதலில் ஒரு சின்ன விஷயம்: ஆன்லைனில் குழுவாக ஆடும் ஆட்டத்தை இடையில் நிறுத்திவைக்க முடியாது. பாதியில் எழுந்தால் அவனோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் தோற்கக் கூடும், அவனுக்குத் தண்டனைப் புள்ளியும் விழலாம். ‘உடனே வா’ என்பதற்குப் பதிலாக ‘இந்த ஆட்டம் முடிந்ததும் வா, எத்தனை நிமிடம் ஆகும்?’ என்று கேளுங்கள். சண்டைகளில் பாதி இதிலேயே அடங்கிவிடும். சொன்ன நேரத்துக்கு அவன் வந்தாக வேண்டும். அதில் உறுதியாக இருங்கள்.

பிறகு ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பாருங்கள். குறை சொல்ல வேண்டாம், வேவு பார்ப்பதுபோலவும் வேண்டாம். ‘அது யார்? இதை ஏன் செய்கிறாய்?’ என்று கேளுங்கள். முதலில் முணுமுணுப்பான், பிறகு அவனே சொல்லத் தொடங்குவான். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை அங்கே ஐந்து பேருக்குக் கட்டளை இட்டுக்கொண்டிருக்கலாம். அது தெரிந்தால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று கேட்க வழி பிறக்கும். கேலி, அடி, பாடம் புரியாமை, ஆசிரியரிடம் பயம் என்று பெரும்பாலும் ஏதோ ஒன்று இருக்கும். தூக்க நேரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரவில் கருவிகள் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், பெரியவர்களுடைய போன்கள் உட்பட.

அரசாங்கம் சட்டம் போட்டால் தீராதா?

தென்கொரியா 2011இல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை விதித்தது. பெற்றோரின் அடையாள எண்ணில் உள்ளே போவது போன்ற வழிகளைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். 2022 தொடக்கத்தில் சட்டமே நீக்கப்பட்டது. சீனா 2021இல் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை என்று சுருக்கியது. சட்டம் நேரத்தைக் குறைக்கலாம். பிள்ளை எதிலிருந்து ஒதுங்குகிறான் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை.

பணம் பறிக்கும் உத்திகளுக்குச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் ‘லூட் பாக்ஸ்’ சூதாட்டத்துக்கு மிக நெருக்கமானது. பெல்ஜியம் 2018இல் அதைச் சூதாட்டம் என்றே முடிவு செய்தது. மனம் நொந்து வருகிறவரிடம் இப்படிக் காசு பிடுங்குவது அநியாயம்.

குறைக்க நினைக்கிறேன். முழுவதும் விட்டுவிட வேண்டுமா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை. முடிவு இல்லாத கேமிலிருந்து முடிவு உள்ள கேமுக்கு மாறுவதே பலருக்கு உதவுகிறது. அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், தினசரிப் பரிசு தரும் கேமை முதலில் நீக்குங்கள். ‘பத்து மணி வரை’ என்று வைத்துக்கொள்வதைவிட ‘இரண்டு ஆட்டம்’ என்று வைத்துக்கொள்வது எளிது, ஏனென்றால் ஆட்டத்தின் முடிவு இயல்பான நிறுத்தம்.

முக்கியமானது, காலியாகும் நேரத்தை வெறுமையாக விடாதீர்கள். கேம் உங்களுக்கு எதைக் கொடுத்ததோ அதையே சிறிய அளவிலாவது வெளியே தேடுங்கள். படிப்படியாக முன்னேறும் சுகம் வேண்டுமென்றால் ஓர் இசைக்கருவியோ மொழியோ கற்கலாம். குழுவாகச் செயல்படும் சுகம் வேண்டுமென்றால் மைதான விளையாட்டோ தன்னார்வப் பணியோ இருக்கிறது. முதல் சில வாரங்கள் இவை கேமைவிடச் சப்பென்றுதான் இருக்கும். வெளியே பலன் மெதுவாக வரும்; அந்த மெதுவுக்கு மனம் பழகும்வரை பொறுக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போவது, போய் என்ன சொல்வது?

நிறுத்த முயன்று பலமுறை முடியாமல் போனால், வேலையோ படிப்போ நின்றுபோனால், பொய் சொல்லியோ கடன் வாங்கியோ ஆடினால் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே போங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். மனநல மருத்துவரோ உளவியல் ஆலோசகரோ பார்ப்பார். எண்ணங்களையும் பழக்கங்களையும் சேர்த்து மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் இதில் அதிகம் ஆராயப்பட்டது.

போகும்போது எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்பதோடு மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கி எழுகிறீர்கள், என்ன கேம் ஆடுகிறீர்கள், எந்த வேலையை அல்லது எந்த மனிதரைப் பார்க்காமல் தள்ளிப்போடுகிறீர்கள். மருத்துவர் கேம் ஆடாதவராக இருந்தால், அந்த கேமில் நீங்கள் செய்வது என்ன என்று விளக்கிச் சொல்லத் தயங்காதீர்கள். கேட்காமலே ‘எல்லாவற்றையும் அழித்துவிடு’ என்று சொல்லி அனுப்பினால், வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.